அறுபத்தைந்தாவது பதிவு

“…அப்ப நான் பட்டனை அமுக்கவே இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா தம்பி?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அக்காவின் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. ஆமாம் என்றேன்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுருட்டும் ஆலையொன்றில் வேலை பார்த்தவர் அவர். மிஷின்களுக்குள் இருக்கும் சிறு எலக்ட்ரானிக் போர்டுக்குப் புரோகிராம் எழுதியது நான். காலேஜில் படிக்காமல் தானே கற்றுக்கொண்டவன் என்று யாரும் குறைசொல்லக் கூடாதே! தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி அது ஒருபோதும் எழுதாது என்று, அதற்கென்றே உள்ள ஒரு கருவியை வைத்துக் கணக்குப் போல நிரூபித்தும் காட்டியிருந்தேன்.

ஒருநாள் மிஷின் நிற்காமல் ஓடி உருளையை வளைத்துவிட்டது. “நானும் நிறுத்து நிறுத்துன்னு அமுக்குறேன், கூப்பிட்டா திரும்பாத மாப்பிள்ளை மாதிரி அது பாட்டுக்குப் போவுது” என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். புரோகிராமில் பிழைக்கு இடமே இல்லை, அக்காதான் நிறுத்தும் பட்டனை அமுக்கியிருக்க மாட்டார் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள்; அன்றிலிருந்து அக்காவுக்கு வேலை இல்லை.

மனசு கேட்காமல் பிறகு அந்த நிரூபணத்தைத் திறந்தேன். மிஷின் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு விழும். அறுபத்து நான்குக்குத்தான் இடம். ஷிப்ட் முடிவுப் பட்டனை அமுக்கினால் எல்லாம் அழியும். அறுபத்தைந்தாவது வந்தால் என்ன செய்வாய் என்று கருவி அன்றே கேட்டிருக்கிறது. ‘ஒரு ஷிப்ட்டில் அத்தனை வராது, நம்பிக்கொள்’ என்று ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்தவன் நான்.

ஆலையில் விசாரித்தேன். அடுத்த ஷிப்ட்டுக்காரி பஸ்ஸைத் தவறவிட்டால், இருப்பவர் முடிவுப் பட்டனைத் தொடாமல் அவள் வரும்வரை ஓட்டுவாராம். வந்தவள் பெயரில் தாமதம் ஏறாது. அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நான்தான் யாரையும் கேட்டதில்லை. அன்று கான்சாபுரத்திலிருந்து வர வேண்டிய அடுத்த ஷிப்ட்டுப் பெண்ணுக்காக அக்கா ஓட்டியிருக்கிறார். அறுபத்தைந்தாவது பதிவு, ‘நிறுத்து’ என்ற கட்டளை இருந்த இடத்தின் மேல் போய் விழுந்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி, மேனேஜருக்குப் புதிதாக எழுதிய கடிதத்தைக் கவரோடு நீட்டினேன். ‘தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது’ என்று எழுதியிருந்தேன். நிதானமாகப் படித்தார்.

“இதுல கோளாறு இருக்கு. நீங்க எங்க இருக்கீக?”

அடியிலிருந்த என் கையெழுத்தைக் காட்டினேன்.

“அம்புட்டுப் பேரு முன்னால என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டு, திருத்துறது மட்டும் கவருக்குள்ளயா?”

கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து, கதவைப் பூட்டி, இராஜபாளையம் பஸ் நிற்கும் பக்கமாக எனக்கு முன்னால் நடந்தார்.