கொம்புல அடிச்ச பெயிண்டு மிச்சம்

வெக்கத்தை விட்டுச் சொல்றேன். என் கடைச் செவத்துல, இடிக்கிறதுக்குப் போடுற சிவப்புக் குறிய நானேதான் போட்டுக்கிட்டேன்.

நம்ம டவுனுல ஸ்டேடியம் கட்டுறாகல்ல, அதுக்கு ரோட்டை அகலமாக்க எங்க வரிசையில எல்லாக் கடைக்கும் குறி போட்டுட்டுப் போனாக. இடிபடுற கடைக்காரவுகளுக்கு ஸ்டேடியத்துக்கு எதுக்கவே புதுக்கடை தருவாகளாம். மூலையில தள்ளி இருக்குன்னு என் புண்ணாக்குக் கடைய மட்டும் விட்டுட்டாக. பந்தியில எனக்கு மட்டும் இலை போடாத மாதிரி ஆயிருச்சு.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல அடிச்ச பெயிண்டு மிச்சம் இருந்துச்சு. நேத்து அதை எடுத்து அழகா ஒரு பெருக்கல் குறி போட்டுட்டேன்.

இன்னைக்குக் காலையில பொக்லைன் வந்துச்சு. குறியப் பாத்ததும் முதல்ல என் வாசப்படியப் பேத்துருச்சு. ஆபீசரம்மா ஓடியாந்தாக.

"நிறுத்துப்பா! இந்தக் கடை பிளான்லயே இல்ல. யாரு குறி போட்டது?"

நான் வானத்தைப் பாத்தேன்.

பக்கத்துக் கடை டெய்லர் சும்மா இருப்பாரா? "அண்ணாச்சி வேட்டி நுனியப் பாருங்க மேடம், செக்கச்செவேல்னு இருக்கு."

"புதுக்கடை எல்லாம் உங்களுக்குக் கெடையாது. போயி யாவாரத்தைப் பாருங்க"ன்னுட்டாக அந்தம்மா.

வேற யாருக்காச்சும் கடைய இடிக்கணும்னா சொல்லுங்கப்பா, பெயிண்டு இன்னும் இருக்கு.

மத்தியானம் சாப்பிடப் போகலாம்னு பழக்கத்துல காலை எடுத்து வெளிய வச்சேன். படி இல்ல. இப்பக் கட்டுப் போட்ட காலை மூட்டை மேல நீட்டிக்கிட்டு இதை எழுதுறேன்.