இருசம்மாள் இழுத்த சிவப்புப் பட்டை

மலாக்கா டவுனில் கடை வைத்திருந்தவர்களில் பெயிண்டர் முனியாண்டியைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. துணிக்கடை, மளிகைக்கடை, பல் வைத்தியர் வீடு என்று பாதிப் பலகைகளில் இருந்தது அவர் எழுத்துதான். அவர் மனைவி இருசம்மாளை யாரும் பெரிதாக அறிந்திருக்கவில்லை. நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள் என்ற அளவில்தான் தெரியும்.

காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தோட்டங்களில் லயத்து வீடுகளை எல்லாம் பிரித்து, முள்கம்பி வேலிக்குள் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினார்கள். புது வீடுகளுக்கு நம்பர் எழுத முனியாண்டியைக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து லாரியில் திரும்பும்போது, ரப்பர் காட்டு வளைவு ஒன்றில் காட்டுக்காரர்கள் மறைந்திருந்து சுட்டார்கள். லாரி ஓட்டி வந்த கணேசமூர்த்தி ஸ்டீரிங்கின்மேல் சாய்ந்தார். வண்டி வாய்க்காலில் இறங்கி நின்றது.

முனியாண்டி உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் தலையாட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் காப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதை இருசம்மாள் கவனித்தாள். பலகை எழுதக் கேட்டு வந்த கடைக்காரர்களிடம் சாயம் வரவில்லை என்றார். சாயம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் டின் டின்னாக இருந்தது. ‘கை நடுங்குதா?’ என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மஸ்ஜித் தானா கடற்கரையிலிருந்து பாக் லேமான் வந்தார். மீன்பிடிக்கிற மலாய்க்காரர். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். அதன் இரண்டு பக்கத்திலும் முன்மூக்கிலிருந்து பின்பக்கம்வரை ஓடும் சிவப்பு, மஞ்சள் பட்டைகளைப் புதுப்பித்துத் தருவதாக முனியாண்டி முன்பே வாக்குக் கொடுத்திருந்தார்.

“பட்டையெல்லாம் வெயிலும் உப்பும் தின்னுடுச்சு, முனி,” என்றார் அவர் மலாயில். “முன்னெல்லாம் தூரத்துல பார்த்தே இது லேமான் படகுன்னு சொல்வாங்க. இப்ப போலீஸ் படகு தினமும் என்னை நிறுத்துது. அவங்க சோதனை போட்டு முடிக்கிறதுக்குள்ள மீன் கெட்டுப் போகுது.”

ஜப்பான்காரன் காலத்தில், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் கருவாடு கொண்டுவந்து கொடுத்த மனிதர் அவர். முனியாண்டியால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. “வர்றேன் பாக்,” என்றார். பாக் லேமான் போன பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து டின்களை இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பழசைச் சுரண்ட ஆள் வேணும்ல, நானும் வரேன்,” என்றாள் இருசம்மாள்.

மஸ்ஜித் தானாவுக்குப் போன பஸ்ஸை வழியில் போலீஸ் நிறுத்தியது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று அரிசி, எண்ணெய் எல்லாவற்றையும் தேடுகிற காலம். சாயத்தில் கலக்கிற ஆளிவிதை எண்ணெய்ப் போத்தலைத் திறந்து போலீஸ்காரர் முகர்ந்து பார்த்தார். சமையல் எண்ணெய்தான் என்றார்.

“வேணும்னா ஒரு மீனைப் பொரிச்சுத் தின்னு பாருங்க சார்,” என்றாள் இருசம்மாள். பஸ்ஸே சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துக்கொண்டே போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். முனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. சாலையோரத்து ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகைக் கரையேற்றி மரக்கட்டைகளின் மேல் நிறுத்தியிருந்தார்கள். இருசம்மாள் பழைய பட்டைகளைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். அடிச்சாயம் பூசிக் காயவைத்துவிட்டு, மறுபடி ஒரு நாள் வந்து நூல் பிடித்துச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு குறித்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகவே போயிற்று.

முனியாண்டி தூரிகையைச் சிவப்பில் நனைத்து முன்மூக்கில் வைத்தார். ஒரு சாண் போவதற்குள் கோடு புழு மாதிரி நெளிந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். மறுபடி வைத்தார். மறுபடி நெளிந்தது. மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த பாக் லேமான் திரும்பிப் போய், கிழியாத வலையை எடுத்து வைத்துக்கொண்டு தைப்பதுபோல் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் முனியாண்டியின் கழுத்து சிவந்து போனது.

“கொடுங்க,” என்றாள் இருசம்மாள்.

“உனக்கு என்னா தெரியும்?”

“தெரியாதுதான். கொடுங்களேன்.”

அவர் கொடுக்கவில்லை. அவளாகத்தான் அவர் விரல்களிலிருந்து தூரிகையை எடுத்தாள்.

தோட்டத்தில் உளி பிடித்த கை அது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. கையை அசைக்காமல் உளியை ஒரே அழுத்தத்தில் வைத்துக்கொண்டு, உடம்புதான் மரத்தைச் சுற்றி நகர வேண்டும். பல வருஷம் அப்படி நடந்தவள். இப்போது தூரிகையைப் பலகையில் வைத்துவிட்டு மெதுவாகப் பக்கவாட்டில் நடந்தாள். கோடு அவளோடு வந்தது.

அரைப் படகு தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது முனியாண்டி அங்கே இல்லை. துணியை மணலில் எறிந்துவிட்டுக் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டோமோ என்று நினைத்தாள். தூரிகையைக் கீழே வைத்துவிடலாமா என்று யோசித்து நின்றாள்.

முழங்கால் தண்ணீரில் போய் நின்றவர் திரும்பினார்.

“இருசு! பின்பக்கம் போகப்போக இன்னும் ஏத்து!”

“குறிச்ச கோட்டுலதானே போறேன்?”

“பக்கத்துல நிக்கிற உனக்கு நேராத்தான் தெரியும். இங்கிருந்து பாத்தா தொங்குது. ரெண்டு விரல் ஏத்து. ஆங், அவ்வளவுதான். போ!”

கோபம் இல்லாத குரல். அவள் நடந்தாள். அவர் தண்ணீரிலேயே கூட நடந்து வந்தார். சிவப்பு முடிந்து மஞ்சளும் போட்டாள்.

“மரத்துல பட்டையைச் சீவினேன், இங்க பட்டையைப் போடறேன்,” என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ.

பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு முனியாண்டியின் தோளைத் தட்டினார். “பாகுஸ்லா, முனி! முன்னைவிட நல்லா இருக்கு.”

சும்மா சிரித்திருந்தால் போதும், பேச்சு முடிந்திருக்கும். முனியாண்டி படகைத் திரும்பிப் பார்த்தார். “நான் போடல. என் சம்சாரம் போட்டது,” என்றார். இருசம்மாள் தூரிகை கழுவுகிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

சாயம் காய்கிறவரை ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அவர் முதல் தடவையாக அந்த லாரியைப் பற்றிப் பேசினார்.

“சுடறதுக்கு முன்னாடி மூர்த்தி என்னமோ சொல்ல வந்தாரு இருசு. ‘அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க வந்து...’ன்னு ஆரம்பிச்சாரு. அவ்வளவுதான். என்னா சொல்ல வந்தாருன்னு தெரியல. தூரிகையை எடுத்தாலே அது காதுல கேக்குது.”

அவள் யோசித்தாள். “சாப்பிடக் கூப்பிட்டிருப்பாரு. ஞாயித்துக்கிழமைக்கு வேற எதுக்குக் கூப்பிடுவாங்க?”

அவர் அவளைப் பார்த்தார். சிரிக்கப் போனவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாக் லேமான் எழுந்து வரப் பார்த்தார். அவள் வேண்டாமென்று கையசைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் செங் என்ற ஊரில் இருந்த கணேசமூர்த்தியின் வீட்டுக்குப் போனார்கள். இழவுக்குப் பிறகு முனியாண்டி அந்தப் பக்கமே போகவில்லை. மூர்த்தியின் மனைவி கோமளா சோறு போட்டாள். போட்டுவிட்டு, “கடைசியா ஏதாச்சும் பேசினாராண்ணே?” என்று கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை வாங்கன்னு கூப்பிட்டாரும்மா. நான்தான் இவ்வளவு நாளா வரல.”

கோமளா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் சொன்னது முழு உண்மையா என்று இருசம்மாள் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். தப்பு என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

படகு விஷயம் வேடிக்கையாக முடிந்தது. பளபளவென்று கடலில் இறங்கிய முதல் நாளே போலீஸ் படகு அதை நிறுத்தியதாம், இது யாருடைய புதுப் படகு என்று. பாக் லேமான் டவுனுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்கப்புறம் தூரத்திலேயே அடையாளம் கண்டு கையசைத்துப் போகவிட்டார்களாம்.

முனியாண்டிக்குப் பெரிய எழுத்துகள் மெல்ல மெல்லக் கைக்கு வந்தன. சின்ன எழுத்தும் நீளக் கோடும் வரவே இல்லை. கோடெல்லாம் இருசம்மாளுடையது. லேமான் படகைப் பார்த்து மற்றப் படகுக்காரர்கள் கூப்பிட்டார்கள், பிறகு பஸ்ஸுக்குப் பட்டை போட பஸ் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். பட்டறையில் பஸ்ஸின் பக்கத்தில் ஒரு பொம்பளை தூரிகையோடு நடப்பதைப் பார்க்க ஆரம்பத்தில் கூட்டம் கூடியது. போகப்போக யாரும் நின்று பார்ப்பதில்லை. அதுதான் நிம்மதி என்பாள் இருசம்மாள், பக்கத்திலே ஆள் நின்று பார்த்தால் வெளிச்சத்தை மறைக்குது என்று.