சாவி அரைஞாணில் இருக்கும்வரை

டிரைவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கியதும் மெக்கானிக் செபாஸ்டின் அதைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்கிறார். புது பெல்ட் மாட்டி, டைமிங் சரியாக நிற்கும்வரை அது அங்கேதான் கிடக்கும். "சட்டப் பையில வச்சா எடுத்திருவாய்ங்க. இங்க எவன் கை வைப்பான்?" என்கிறார்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்கு இறங்கும் சாலையோரம் அவருடைய பட்டறை. தலையில் மப்ளர் உண்டு, ஸ்வெட்டர் கிடையாது, கை மடங்காதாம். வேலையின்போது வாய் ஓயாமல் திட்டும், கை நிதானமாகப் போகும்.

மாருதி வேன்கள் மலையேறி இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது. அவற்றின் எஞ்சினில் கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் இணைத்துச் சுற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். இரண்டு சக்கரமும் ஒரே கணக்கில் சுற்றுவதுதான் டைமிங். நம் டிரைவர்களோ பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருளுவார்கள்; ஏற்றம் வந்ததும் கியரைப் போட்டு உலுக்கி எழுப்புவார்கள். பெல்ட்டின் பல் அதில்தான் போகிறது என்பது செபாஸ்டினின் தீர்ப்பு.

அன்று காலை பவுல்ராஜின் வேன் பெல்ட் போய்ப் பட்டறை வாசலில் நின்றது. அவன் தங்கை அடைக்கலமேரிக்குக் கல்யாணம். பூம்பாறையில் சேலை கட்டிக் காத்திருந்தவளை ஏற்றிக்கொண்டு பூசைக்குள் கொடைக்கானல் மாதா கோயிலுக்கு வந்தாக வேண்டும். வேறு வண்டி கிடைக்கவில்லை.

செபாஸ்டின் இரு சக்கரங்களின் கோடுகளையும் எஞ்சினில் பொறித்த அடையாளத்துக்கு நேராக நிறுத்தி, பெல்ட்டை மாட்டி இறுக்கினார். பவுல்ராஜ் சாவிக்குக் கையை நீட்டினான். அவரோ கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் கோடு விலகியிருந்தது.

"இறுக்கயில நழுவிருச்சு. ஒரு பல்லு."

"ஒரு பல்லுதானேண்ணே, ஓடாதா?"

"ஓடும். போகயில நல்லாத்தான் ஓடும். பொண்ண ஏத்திட்டு வரயில மேட்டுல இழுக்காது. பட்டுச்சேலயோட ஒந்தங்கச்சி எறங்கித் தள்ளுமாலே?"

பெல்ட்டைக் கழற்றினார். பவுல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கும் எரிச்சல்தான். கல்யாண வீட்டு அவசரம் தெரியாத மனிதரும் உண்டா?

மறுபடி மாட்டினார். மறுபடி இரண்டு சுற்று. கோடு நேராக நின்றது. "இன்னொருக்கா" என்று மீண்டும் சுற்றினார். அசையவில்லை. அதன்பிறகே அரைஞாணில் கை போனது.

எஞ்சின் ஒரே திருகில் எழுந்தது. "ஏலே, எறக்கத்துல அணைச்சுக்கிட்டுப் போன, பெறகு இந்தப் பக்கம் வராத."

"மாதா மேல சத்தியம்ணே."

"மாதாவ ஏண்டா இழுக்குற? வெரசாப் போ."

வேன் பனிமூட்டத்துக்குள் இறங்கி மறைந்தது. செபாஸ்டின் சாலை நடுவில் போய் நின்றார். பக்கத்துக் கடையிலிருந்து டீ கொண்டுவந்த பொன்னுத்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிரீஸ் கையை உயர்த்தி அடக்கினார். முதல் வளைவில்தான் எல்லோரும் அணைப்பார்கள். சத்தம் அறுபடவில்லை. அதற்கும் கீழேயிருந்து, அவருக்குக் கேட்கட்டும் என்றே பவுல்ராஜ் எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டான்.

செபாஸ்டின் கையை இறக்கினார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக்கொண்டு, ஆணியில் செய்தித்தாள் சுற்றித் தொங்கிய பொட்டலத்தைப் பிரித்து, தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டார்.