பேருந்து ஜன்னலில் பார்த்த மணல் திட்டு

ஓர் இடத்தில் தங்கியே பார்க்காதவரின் சொல்லை நம்பி, மூன்று நண்பர்களை ஆற்றுக்கு நடுவே எப்படி அழைத்துப் போனேன்?

கூடாரமடித்து மீன் பிடிக்க, தென்பெண்ணையின் நடுவே ஒரு மணல் திட்டைச் சொன்னவர் எங்கள் தொழிற்சாலை ஃபிட்டர் பாஷா. பரிசலில் போய் இறங்கினோம். மதிய வெயில் காயும்போதே தண்ணீர் செம்மண் நிறமாகி உயர்ந்து, கூடாரத்தை இழுத்துச் சென்றது. எங்களை இறக்கிவிட்டுப் போயிருந்த பரிசல்காரர் மாதப்பா விரைந்து வந்து ஏற்றிக்கொண்டார்.

"தங்கப்போறோம்னு சொல்லியிருந்தா எறக்கியே விட்டிருக்க மாட்டேன் சார். கர்நாடகாவுல மழை பேஞ்சா இங்க வெயில்லயே வெள்ளம் வரும்."

திங்களன்று பாஷாவிடம், அங்கே தங்கியபோது தண்ணீர் ஏறவில்லையா என்று கேட்டேன்.

"நான் எங்க சார் தங்குனேன்? பஸ்ல போறப்ப பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு."

இப்போதெல்லாம் யார் இடம் சொன்னாலும், அங்கே தங்கியதுண்டா என்று முதலில் கேட்கிறேன். பரிசல்காரரிடம் நீர்வரத்தை விசாரிக்காமல் ஆற்றில் இறங்குவதில்லை.