துப்பாக்கியின் உதை

கெங்கெஷ் முதல் ஓநாயைச் சுட்டபோது அவனுக்கு முப்பது வயது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அறுபத்தேழு ஓநாய்களைச் சுட்டிருந்தான். அத்-பாஷிப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருக்கும் கோக்-ஜார் ஊரில் பனி இறங்கியதும் ஓநாய்களும் மலையிலிருந்து இறங்கும். அப்போது ஊர் ஜனங்கள் ஆட்டுப்பட்டியின் கதவைச் சரிபார்ப்பதற்கு முன்னால் கெங்கெஷ் வீட்டில் இருக்கிறானா என்று பார்ப்பார்கள்.

அவனிடம் இருந்தது பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று. யாரோ எப்போதோ அதன் குழலை அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். குதிரைமேல் வைத்துக்கொண்டு போக வசதி. ஆனால் எடை குறைந்துவிட்டதால் சுடும்போது கழுதைபோல உதைக்கும். அவன் அகன்ற தோள்காரன். அந்த உதையை அவன் பொருட்படுத்தியதே இல்லை.

ஐம்பது தாண்டியதும் குழலின் நுனியில் இருக்கும் குறிமுனை அவன் கண்ணுக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. தூரத்து மலையில் நிற்கும் ஆட்டின் கொம்பு தெரிந்தது, கைக்கெட்டும் தூரத்து இரும்பு தெரியவில்லை. அதனால் நரின் நகரத்துச் சந்தையில், துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்று வாங்கினான். பளபளவென்று கறுப்பாக, ஒருசாண் நீளத்துக்குமேல் இருந்தது. வளையத்தைத் திருப்பினால் ஓநாய் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாகும். "எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் எழுதியிருந்தது. விலையும் மலிவு.

முதல் ஒரு மாதம் அது அவன் சொன்னபடி கேட்டது. பிறகு தோட்டா இடதுபக்கம் போயிற்று. திருகாணியைத் திருகிச் சரிசெய்தான். மறுநாள் தோட்டா மேலே போயிற்று. அதையும் சரிசெய்தான். அன்று மாலையே ஓடைக்கரையில் நின்ற ஒரு கிழட்டு ஓநாயை நூற்றைம்பது அடித் தூரத்தில் தவறவிட்டான். அது ஓடக்கூட இல்லை. அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போயிற்று.

அந்தக் குளிர்காலத்திலும் அடுத்த குளிர்காலத்திலும் கெங்கெஷ் செய்ததெல்லாம் இதுதான். ஒரு மரப்பலகையில் கரியால் வட்டம் போட்டுச் சுடுவான், திருகுவான், மறுபடி சுடுவான். வாரத்துக்கு நாற்பது தோட்டா. ஸ்கோப் கண்ணுக்கு மிக அருகில் இருந்ததால் இரண்டுமுறை அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. தை மாதத்தில் ஒருநாள் குதிரை வழுக்கி விழுந்து அவன் வலது தோள்பட்டை எலும்பு விரிசல் கண்டது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தவன், கட்டைப் பிரித்த அன்றே மறுபடி பலகைக்கு முன்னால் போய்ப் படுத்தான்.

ஊரில் பேச்சு எழுந்தது. குதிரை லாயம் வைத்திருக்கும் பெக்தூர் கடைவாசலில் அவனைக் கண்டதும், "யோவ் கெங்கெஷ், ஓநாய்க்கெல்லாம் உன்மேல ரொம்ப மரியாதையாம்யா. நீ சுட்டா நின்னு கேட்டுட்டுப் போகுதாமே!" என்றான்.

"உன் லாயத்துப்பக்கம் வந்தா சொல்லு. அங்க வந்து சுடறேன்."

"ஐயோ வேணாம்யா. என் குதிரைமேல பட்டுடும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெங்கெஷும் சிரித்தான். வீட்டுக்கு வந்து இரண்டுநாள் யாரிடமும் பேசவில்லை.

அவனுக்கென்று ஒன்பது குதிரைகள் இருந்தன, எல்லாம் பெட்டைகள். கோடையில் அவற்றின் பாலைப் புளிக்கவைத்துக் குமிஸாக்கி, பிஷ்கெக் போகும் சாலையோரம் விற்பது அவன் மனைவி ஜூராவின் வேலை. குடும்பம் ஓடுவது அதில்தான். அந்த இரண்டு குளிர்காலத்தில் ஓநாய்கள் நான்கு குட்டிகளைத் தின்றுவிட்டன. குட்டி செத்தால் தாயின் பாலும் வற்றிவிடும்.

"என்னங்க, கண்ண ஒருதடவ காட்டிட்டு வாங்களேன்" என்றாள் ஜூரா. "கண்ணுதான்னு தெரிஞ்சுட்டா மனசாவது அடங்கும்."

போனான். நரினில் கண் டாக்டர் அவனைச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரியையும் படித்தான். "பக்கத்துப் பார்வை வயசுக்குத் தகுந்தாப்ல போயிருக்கு. தூரப்பார்வை இருபது வயசுக்காரன் மாதிரி இருக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார் டாக்டர்.

அன்று வீடு திரும்பும் வண்டியில் கெங்கெஷ் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான். கோளாறு கண்ணில் இல்லையென்றால் கருவியில்தான். கருவியை மாற்றிவிடலாம்.

மறுவாரமே துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பிஷ்கெக் போனான். துப்பாக்கிச் சாமான் விற்கும் கடை ஒன்றில் நர்கோசோ என்ற நடுவயதுப் பெண் இருந்தாள். அவள் ஸ்கோப்பைக் கழற்றி, ஒரு மரக்கட்டையில் வரிசையாக வெட்டிய இரண்டு பள்ளங்களில் படுக்கவைத்து, எதிர்ச்சுவரில் இருந்த புள்ளியைப் பார்த்தாள். பிறகு ரப்பர்ச் சுத்தியால் அதன் உடம்பில் லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

"இப்ப நீங்க பாருங்கண்ணே."

பார்த்தான். குறுக்குக்கோடு புள்ளியைவிட்டு விலகியிருந்தது. அவள் இன்னொரு தட்டு தட்டினாள். கோடு வேறொரு இடத்துக்குப் போயிற்று.

"உள்ள ஒரு சின்னக் குழாய் இருக்கு. அதுலதான் கோடு இருக்கு. அத ஒரு ஸ்பிரிங் தாங்குது. உங்க துப்பாக்கி உதைக்கிற உதைக்கு அந்த ஸ்பிரிங் எப்பவோ தளந்துபோச்சு. ஒவ்வொரு வெடிக்கும் கோடு இஷ்டப்பட்ட இடத்துல போய் உக்காருது. நீங்க எத்தன திருகுனாலும் நிக்காது."

"ரெண்டு வருஷமா திருகுறேம்மா."

நர்கோசோ ஸ்கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல ஒரு கீறல்கூட இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள் மெதுவாக.

கண்ணாடி அலமாரியில் அதே மாதிரிப் பளபளப்பாக இன்னும் பெரிய ஸ்கோப்புகள் இருந்தன. கெங்கெஷ் ஒன்றைக் காட்டினான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இது உதைக்காத சின்னத் துப்பாக்கிக்குச் சரி. உங்களுதுல நூறு வெடி தாங்காது. நல்லது வேணும்னா அந்தக் கடைசித் தட்டுல இருக்கு. அந்த விலைக்கு நீங்க குதிர வாங்கிடலாம்."

"அப்ப என்னதான் வாங்க?"

அவள் மேசைக்கடியில் இருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். பழைய ஸ்கோப். குட்டை, கனம், வண்ணம் உரிந்து இரும்பு தெரிந்தது. நான்கு மடங்கு பெரிதாக்கும், அவ்வளவுதான். திருப்பும் வளையம் கிடையாது.

"உள்ள அசையற சாமான் எவ்வளவு குறையோ அவ்வளவு நாள் தாங்கும். இருட்டுனா கொஞ்சம் மங்கும். ஆனா உதைக்கு அசையாது. கண்ணுக்கும் அதுக்கும் நாலு விரக்கட தூரம் விட்டு மாட்டித் தர்றேன், புருவம் தப்பிக்கும். பழசுதான். விக்கிறதுக்குன்னு பொய் சொல்லலண்ணே."

அவளே மறுபடியும் மரக்கட்டையில் வைத்துத் தட்டிக் காட்டினாள். கோடு புள்ளியை விட்டு நகரவில்லை. கெங்கெஷ் சுத்தியை வாங்கித் தானும் தட்டினான், கொஞ்சம் பலமாகவே. நகரவில்லை. இரண்டு ஆட்டின் விலைக்கு அதை வாங்கிக்கொண்டான்.

ஊருக்கு வந்ததும் சித்தப்பா மகன் முகாஷைக் கூப்பிட்டான். முகாஷுக்கு முப்பத்தெட்டு வயது. எல்லைக் காவலில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவன், வாய் ஓயாதவன். இருவரும் ஊருக்கு வெளியே பலகையை நட்டார்கள். தோளில் வலி இருந்ததால் கெங்கெஷ் அவனையே முதலில் சுடச் சொன்னான். முகாஷ் படுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு சுட்டுத் திருகாணியைச் சரிசெய்துவிட்டு, மூன்று தோட்டா சுட்டான். மூன்றும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. கெங்கெஷ் பலகைவரை ஓடினான், அந்த வயதில், முழங்கால் பனியில். மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, கிழவி சேதி கேட்டு ஓடுற மாதிரி ஓடுறீங்களே. வாங்க, நீங்க சுடுங்க."

கெங்கெஷ் சுட்டான். தோட்டா பலகையின் கீழ்மூலையில் பட்டது. இரண்டாவது பலகையிலேயே படவில்லை, பனியில் விழுந்தது. மூன்றாவதும் அப்படித்தான்.

"நீ உன் கண்ணுக்குத் தகுந்தாப்ல சரிபண்ணிட்டடா. என் கண்ணுக்கு வேற" என்றான்.

முகாஷ் துப்பாக்கியை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டா போட்டான். "இந்தாங்கண்ணே, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கொடுத்தான்.

கெங்கெஷ் படுத்தான். கோட்டை வட்டத்தின் நடுவில் நிறுத்தினான். மூச்சைப் பிடித்து விசையை இழுத்தான். 'டிக்' என்றது, அவ்வளவுதான். முகாஷ் உள்ளே போட்டிருந்தது சுட்டுமுடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு.

வெடி இல்லை, உதை இல்லை. ஆனால் குழல் தானாகவே ஒருசாண் கீழே இறங்கி நின்றது. அவன் தோள் முன்னால் துள்ளியிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. கண்ணைத் திறந்தபோது ஸ்கோப்பில் பனி மட்டும் தெரிந்தது.

முகாஷ் பக்கத்தில் குந்தினான். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் சொல்வான். இப்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ராணுவத்துல பாத்திருக்கேண்ணே. உதைக்குப் பயந்து உடம்பு முந்திக்கும். நமக்கே தெரியாது" என்றான்.

"நான் பயப்படலடா."

"நீங்க பயப்படலண்ணே. தோளு பயப்படுது."

இரண்டு வருடம் நிற்காத கோட்டை நிறுத்துவதற்காகச் சுட்ட அத்தனை தோட்டாவும், விரிசல் விட்ட எலும்பின்மேல் விழுந்த அத்தனை உதையும் இப்போது அவன் உடம்பில் இருந்தன. ஸ்கோப்பை மாற்றிவிடலாம். இதற்குக் கடை எது?

இருந்தாலும் அவன் விட்டுவிடவில்லை. ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே வெற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுவரைக் குறிபார்த்து விசையை இழுத்தான். ஜூரா தாமிர நாணயம் ஒன்றைக் குழல்நுனியில் வைப்பாள். அது விழக்கூடாது. முதல் வாரம் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் விழவே இல்லை.

"பாத்தீங்களா, சரியாப்போச்சு" என்றாள் அவள். வழக்கமாகத் தேநீரில் போடும் உப்பைப் போட மறந்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரியாகத்தான் போயிருந்தது, தோட்டா இல்லாதவரை. தோட்டா இருக்கிறது என்று தோளுக்குத் தெரிந்த நிமிடம் பழைய கதைதான்.

மாசிக்கடைசியில் ஒருநாள் மத்தியானம், நல்ல வெயிலில், ஓநாய்கள் இறங்கின. நிறைமாதமாக இருந்த அவனுடைய சாம்பல்நிறப் பெட்டைக் குதிரை மற்ற குதிரைகளைவிட்டுப் பிந்தியிருந்தது. கெங்கெஷ் மேட்டில் வந்து படுத்தபோது அதன் தொடையை இரண்டு ஓநாய்கள் பற்றியிருந்தன. மூன்றாவது, பெரியது, ஒதுங்கி நின்றது. நூற்றிருபது அடி இருக்கும். காற்று இல்லை. ஸ்கோப்பில் அதன் காதில் ஒட்டியிருந்த பனித்துணுக்குவரை தெரிந்தது. குறுக்குக்கோடு அதன் விலாவின்மேல் அசையாமல் நின்றது. இந்தமுறை கருவியின்மேல் பழிபோட அவனுக்கு எதுவும் இல்லை.

'மூடாதே' என்று கண்ணுக்குச் சொன்னான். 'இரு' என்று தோளுக்குச் சொன்னான். விசையை இழுத்தான்.

ஓநாயின் வயிற்றுக்குக் கீழே பனி தெறித்தது. மூன்றும் ஓடின. அவை ஓடியதற்குச் சத்தம்தான் காரணம். பெட்டை எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. கெங்கெஷ் இறங்கிப் போய், இரண்டடி தூரத்தில் நின்று, அதன் நெற்றியில் சுட்டான். அந்த ஒரு தோட்டாதான் அந்தக் குளிர்காலத்தில் அவன் குறிவைத்த இடத்தில் பட்டது.

ஊர்க்கூட்டத்தில் யாரும் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெக்தூர்கூட, "இருபது வருஷம் நம்ம ஆட்டயெல்லாம் காப்பாத்துன மனுஷன்யா, இப்ப கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றான். முகாஷ் உரிமம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

"அண்ணே, எனக்கு வேணாம்னு சொல்லிடுறேன்" என்றான் முகாஷ் வெளியே வந்ததும்.

"சொல்லாத. சுடத் தெரிஞ்சவன் சுடட்டும். துப்பாக்கியும் நீயே எடுத்துக்க. ஸ்கோப்ப மட்டும் கழட்டாத. அது நல்லது."

குட்டிகள் போய்ப் பாலும் குறைந்துவிட்டதால், பங்குனியில் மீதியிருந்த எட்டுப் பெட்டைகளையும் விற்றார்கள். லாரி வந்தது. ஜூரா ஒவ்வொன்றின் கழுத்திலும் கைவைத்து ஏற்றினாள். கடைசிக் குதிரை பலகைமேல் கால்வைக்க மறுத்து முரண்டு பிடித்தது. கெங்கெஷ் அதன் கண்ணைத் தன் மேல்கோட்டால் மூடி நடத்திக் கூட்டிப்போய் ஏற்றினான்.

இப்போது அவன் கணவாய்ச் சாலையில் பனி அள்ளும் கூட்டத்தில் கூலியாக இருக்கிறான். முகாஷ் அடுத்த குளிர்காலத்தில் ஐந்து ஓநாய்களைச் சுட்டான். தடம் பார்த்துச் சொல்ல அண்ணனைக் கூடவே கூட்டிப்போனான், இரண்டுமுறை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது கெங்கெஷ் வரவில்லை என்று சொல்லிவிட்டான். இரண்டாவது முறை முகாஷ் சுட்டபோது, பக்கத்தில் வெறுங்கையோடு நின்ற அவன் தோளும் துள்ளியிருந்தது. அதை முகாஷ் பார்த்துவிட்டான்.