கடைசிக் கோடு கொஞ்சம் நீளம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் சாப்பிட்ட கையோடு, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது.

யாரிடம்? சேலத்து ஜோசப்பிடம்.

ஒரு காலத்தில் நான் ஹாம் ரேடியோ பைத்தியம். அரசாங்கம் கொடுத்த கால்சைனைப் பெயர் மாதிரி சொல்லிக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு வான்வழியே அரட்டை அடிக்கிற பொழுதுபோக்கு. ஜோசப் அப்படிக் கிடைத்த நண்பர். தினமும் பேசினோம், நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. தினமும் பேசுகிறவர்களுக்கு போன் எதற்கு? பிறகு வேலை, குடும்பம்... செட் பரணுக்குப் போய்விட்டது. ஆயிற்று, பத்து வருஷத்துக்கு மேல்.

சுனாமிக்குப் பிறகு ஹாம் ரேடியோ என்றால் என்னவென்று டீக்கடையில்கூடத் தெரிந்துவிட்டது. "உங்ககிட்டகூட ஒண்ணு இருந்துதுல்ல?" என்று ஆளாளுக்குக் கேட்க, எனக்கும் கை அரித்தது. லைசென்ஸைப் புதுப்பித்தேன். செட்டை இறக்கினேன்.

மரக்காணம் காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம். ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, செட்டை விட்டுவைக்குமா? ஸ்குரூ எல்லாம் துரு. வால்வுகள் எப்படியோ தப்பித்திருந்தன. தந்தி ஆபீஸில் கட்டுக்கடகட என்று தட்டுவார்களே, அந்தப் பித்தளைக் கருவி — 'கீ' என்போம் — பச்சை பூத்துக் கிடந்தது. என் மனைவி செல்வி அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். எந்த ரேடியோ புத்தகத்திலும் இல்லாத வைத்தியம். பளபளவென்று வந்துவிட்டது!

ஞாயிறு காலை மைக்கைப் பிடித்து, என் கால்சைனைச் சொல்லி அழைத்தேன். கரகரப்பு. மறுபடியும் அழைத்தேன்... பதில் வந்தது. ஜோசப்பேதான்! ஆனால் குரல் கறாராக இருந்தது.

"அந்தக் கால்சைன்காரர் சைலன்ட் கீ ஆயிட்டாருங்க. நல்ல மனுஷன். செத்தவர் பேரை வச்சு விளையாடாதீங்க."

காலமாகிவிட்ட ஹாமை 'சைலன்ட் கீ' என்பது எங்கள் வழக்கம். தட்ட ஆளில்லாத கீ. மரக்காணம், கடலோரம், சுனாமி, ஆளிடமிருந்து சத்தமே இல்லை... மனுஷன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, என்னை அனுப்பிவைத்துவிட்டார்.

"ஜோசப், நான்தான்..." என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவார்? இப்போது எனக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். மைக்கும் உப்புக் காற்றில் கம்மிப்போயிருந்தது.

"மரியாதையா ஆஃப் பண்ணுங்க" என்றார்.

எனக்காக என்னிடமே சண்டை போடுகிறார்! இப்படியே அவர் தன் செட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டால்? அவர் மனதில் நான் கடைசிவரைக்கும் செத்தவன்தானே?

செல்விதான் சொன்னாள்: "வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நான் தேய்ச்சு வச்சது எதுக்குங்க?"

கீயில் கை வைத்தேன். தட்டுகிற விதம் ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்து மாதிரி. தந்தி பாஷையில் நீளத் தட்டினால் கோடு, சட்டென்று தட்டினால் புள்ளி; 'நான் முடித்தேன், நீ பேசு' என்பதற்கு ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கோடு. அந்தக் கடைசிக் கோட்டை நான் அளவுக்கு மீறி இழுப்பேன். "என்னய்யா, உங்க ஊர்ல உப்பு வார்ற மாதிரி இழுக்கிறே" என்று ஜோசப் கிண்டல் செய்யாத நாளில்லை.

பெயரைத் தட்டினேன். முடித்தேன். கடைசிக் கோடு தானாகவே நீண்டது.

கரகரப்பு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு கத்தல்.

"யோவ்! நீயாய்யா? அறிவிருக்கா உனக்கு? இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? கல்லறைத் திருநாளுக்கு எங்க அப்பா அம்மாவோட உனக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏத்தினேன்யா!"

குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான்.

"செத்தா நல்ல மனுஷன், பொழைச்சு வந்தா அறிவுகெட்டவனா?" என்று செல்வி சிரித்தாள். ஜோசப்பின் அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

'அப்புறம் பேசலாம்' என்று நீங்கள் விட்டுவைத்திருக்கிற நண்பருக்கு இன்றைக்கே ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்... எங்கேயாவது உங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கப் போகிறது!