கண் எரிந்தால்தான் சுத்தம்

பஸ் ஏறுவதற்கு முன் எர்மெலிந்தா சட்டைக் காலரை இழுத்து ஒரு தடவை மோந்து பார்ப்பாள். ஏறிய பிறகு இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். பின்னால், திறந்த ஜன்னலோரமாக நின்றுகொள்வாள். அதே பஸ்ஸில் வரும் பள்ளிக்கூடச் சமையல்காரி ருத்திலியா இதைப் பல வருஷமாகப் பார்த்துவருகிறாள். ஏன் என்று கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

சொலுத்தேக்கா என்ற ஊரின் கடைசியில் இருக்கும் ஆரம்பப் பள்ளியில் கூட்டுவது, துடைப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் எர்மெலிந்தாதான். புருஷன் பிழைக்க வடக்கே வேறு நாட்டுக்குப் போய் வேறு குடும்பம் தேடிக்கொண்ட வருஷம் கிடைத்த வேலை. அதை வைத்துத்தான் மகளைப் படிக்கவைக்கிறாள்; அதை விட்டால் வெயிலில் முலாம்பழத் தோட்டத்துக்குப் போகவேண்டும்.

அந்தப் பக்கம் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். வருகிறபோது சிமெண்ட் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மற்ற நாளெல்லாம் வாளியில் மொண்டு காலந்தள்ள வேண்டும். அதனால் எர்மெலிந்தா தண்ணீரை எண்ணெய் போலப் புழங்குவாள். ஒரே வாளி, ஒரே மாப்பு. முதலில் கழிப்பறை, அப்புறம் அதே தண்ணீரில் வராந்தா. குளோரின் மட்டும் தாராளம். கண் எரிந்து நீர் வழிந்தால்தான் அவளுக்குத் திருப்தி. அவள் அம்மா வீடு கழுவியதும் அப்படித்தான், அந்தத் தெருவே அப்படித்தான். கண் கலங்கவைக்காத கழிப்பறையைச் சுத்தம் என்று அங்கே யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கடைசியாக மேலே லாவெண்டர் வாசனை பினாயில்.

இத்தனைக்கும் மூத்திர நாற்றம் போகவில்லை. பையன்கள் வரிசையாக நின்று போகும் சிமெண்ட் வாய்க்காலில் கிளம்பி, வராந்தா வழியாக நாலாம் வகுப்பு வரைக்கும் வரும்.

மார்ச் மாதப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தாள்.

"நாலாங்கிளாஸ் படிக்கிற எம் பொண்ணு இங்க வந்தா ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கிறதில்ல. குடிச்சா அந்த பாத்ரூமுக்குப் போகணுமேன்னு பயம். இப்ப நீர்க்கடுப்புல சுருண்டு கிடக்குறா. சம்பளம் வாங்குறவங்க என்னதான் செய்யுறாங்க?"

எர்மெலிந்தா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் தலைமையாசிரியை நொயேமி கூப்பிட்டு அனுப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க எர்மெலிந்தா. ஈஸ்டருக்கு முந்தின புனித வார லீவுக்குள்ள இந்த நாத்தம் போகலேன்னா வேற ஆளப் போடச் சொல்றாங்க. என்னால எவ்வளவு நாள் சமாளிக்க முடியும்?"

"சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கே குளோரினை இரண்டு மடங்காக்கினாள். அவளுக்கு இருமல் பிடித்தது. பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே வந்தார்கள். பெற்றோர் குழுவில் இருந்த கொத்தனார் அன்செல்மோ பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, உள்ள யாராச்சும் செத்துட்டாங்களா? போறவனெல்லாம் அழுதுகிட்டே வர்றான்."

நாற்றம் இன்னும் மோசமாகத்தான் ஆனது.

அந்தச் சமயத்தில் ஊர் பம்பு பழுதாகி ஒரு வாரம் தண்ணீர் வரவில்லை. தொட்டியில் கிடந்தது சமையலுக்கே பற்றவில்லை. கழிப்பறைகளைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளைப் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். எர்மெலிந்தா வராந்தாவைக் கூட்டியதோடு சரி, துடைக்கவில்லை. வியாழக்கிழமை ருத்திலியா பீன்ஸ் சட்டியோடு நாலாம் வகுப்பு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏடி, இங்க நாத்தமே இல்லையே. நீ துடைக்காம விட்டதும் போயிடுச்சு பாரு."

"யார் பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாக்குறே?"

"நெசத்தச் சொன்னேன். மூத்திரத்த அள்ளிட்டு வந்து வராந்தாவுக்குப் பூசியிருக்கே. மேல கொஞ்சம் பூ வாசம்."

எர்மெலிந்தா அன்று அவள் கையால் சாப்பிடவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனால் எல்லாரும் போன பிறகு, காய்ந்து விறைத்துக் கிடந்த மாப்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். குப்பென்று மூத்திர நாற்றம் அடித்தது. அதைக் கொண்டுபோய்க் குப்பையோடு எரித்தாள்.

திங்கட்கிழமை தண்ணீர் வந்ததும் அவளே சமையலறைக்குப் போனாள். ருத்திலியா கோழிக்கறியில் புளிப்பு ஆரஞ்சைப் பிழிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய்க்கால்ல மஞ்சளா கல்லு மாதிரி படிஞ்சிருக்கு. குளோரினுக்கு அசையல. உன் ஆரஞ்சுக்கு அசையுமா?"

"தண்ணி காய்ச்சுற கெட்டில்ல படியுற உப்பே போகுது, இது போகாதா? ஆனா குளோரின் இருக்குற எடத்துல இதை ஊத்திடாத. எங்க சித்தி மூச்சடைச்சு ஆஸ்பத்திரில கிடந்தா."

எர்மெலிந்தா குளோரினைப் பூட்டி வைத்தாள். அந்த வாரம் முழுக்க வெறும் தண்ணீரும் சோப்பும்தான். கண் எரியவில்லை. ஒன்றுமே செய்யாமல் சம்பளம் வாங்குவதுபோல் மனசு உறுத்தியது. பிறகு பிழிந்த ஆரஞ்சுச் சாற்றில் பழந்துணியை நனைத்து வாய்க்கால் நெடுகப் போட்டு ஊறவிட்டுச் சுரண்டினாள். படிவு தவிடுபோல உதிர்ந்தது.

நாற்றம் பாதி போயிற்று. மீதி சுவரில் இருந்தது. அன்செல்மோ சுத்தியலால் தட்டிப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பாலில் நனைத்த ரொட்டிபோல ஊறிக் கிடந்தது.

"இதை எந்த ராணி வந்து தேச்சாலும் போகாதுக்கா. வருஷக்கணக்கா குடிச்சிருக்கு" என்றார். அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் எழுந்து அதையே சொன்னார். எர்மெலிந்தா தலை குனிந்து நின்றாள்.

"சுவர் மட்டும் இல்லைங்க. அழுக்கு மாப்பை வச்சு நாந்தான் வராந்தா வரைக்கும் கொண்டுவந்தேன். இப்ப அதை மாத்திட்டேன்."

மார்ச் கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்தத் தாய்தான் முதலில் பேசினாள்.

"அப்ப சுவரை மாத்துங்க. இவங்க இருக்கட்டும்."

லீவில் தகப்பன்மார் பூச்சை உடைத்து இடுப்பளவுக்கு ஓடு பதித்தார்கள்.

இப்போது கழிப்பறைக்குத் தனி மாப்பு, வராந்தாவுக்குத் தனி மாப்பு. வேலை எர்மெலிந்தாவிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தண்ணீர் வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் லேசாக வாடை வரும், மத்தியானத்துக்குள் போய்விடும். பையன்கள் இன்னமும் குறி பார்த்துப் போவதில்லை. நாலாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிறார்கள்.